ம் கொட்டும் பொத்தான்

அமுக்கியாகிவிட்டது. எதை அமுக்கினோம் என்பதில் குழப்பமில்லை, முப்பது வருஷமாய் அமுக்குகிற அதே கருப்புப் பொத்தான், அது எங்கே ஓடிப்போகும். எதற்காக அமுக்கினோம் என்பதுதான் தெரியவில்லை. ஆவுடையப்பன் பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காபியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவர் முழுக்க எரிகிற கண்ணாடிக் கட்டங்களைப் பார்த்தபடி நின்றார். காபி ஆறிப்போயிருந்தது. அமுக்கியபோது அது சுட்டது, அந்தச் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது. நாக்குக்கு ஞாபகம் இருக்கிறது, கைக்கு ஞாபகம் இருக்கிறது, பாழாய்ப்போன கண்ணுக்குத்தான் இல்லை. கட்டம் எங்கே மின்னியது, மேல் வரிசையிலா, இடது ஓரத்திலா, சிவப்பா, வெள்ளையா, ஒன்றும் இல்லை. சிந்தாமல் ஊற்றவேண்டும் என்று பிளாஸ்க்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஹாரன் கத்தியது, கை போனது, ஹாரன் நின்றது. அவ்வளவுதான். இரண்டு மடக்குக் குடிப்பதற்குள் கீழே உலைக் கட்டிடத்து மெயின் கரண்டைப் பிடுங்கினார்கள், மழைக்கால ஈசல்போல் மிச்சமிருந்த கட்டமெல்லாம் ஒரே மூச்சில் மின்ன ஆரம்பித்தது, அதற்கும் அமுக்கினார். அது எதிர்பார்த்ததுதான், அதில் தப்பில்லை. அதற்கு முன்னால் தனியாக ஒன்று வந்ததே, அது என்ன?

புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர்தான் இந்தச் சுவரைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பேர் எழுதியிருக்கும், அணுமின் நிலையத்தில் எங்கே என்ன கோளாறு வந்தாலும் அந்தப் பேருள்ள கட்டம் மின்னும், ஹாரன் கத்தும். வாசிக்கணும். வாசித்துவிட்டுத்தான் கருப்புப் பொத்தானை அமுக்கணும். அமுக்கினால் கத்தல் நிற்கும், மின்னுவது நின்று நிலைத்து எரியும், கோளாறு சரியான பிறகு அணையும். நல்ல நிலையத்தில் சுவர் முழுக்க இருட்டாக இருக்கவேண்டும். வெளிச்சம் என்றால் வியாதி. முதன்முதலாக உலை ஓட ஆரம்பித்து ஒரு கட்டம்கூட எரியாமல் ராத்திரி முழுக்கச் சுவர் இருண்டு கிடந்தபோது, அப்போதிருந்த சீஃப் எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கு ஒன்றுபாக்கி இல்லாமல் எல்லாம் எரிகிறது, கோயில் கொடைக்குப் போட்ட சீரியல் பல்பு தோற்றது. யாருக்கும் பதற்றமில்லை. எரிபொருளை எடுத்தாகிவிட்டது, கனநீரைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றி அனுப்பியாகிவிட்டது, குழாய்களைக் காயவைத்தாகிவிட்டது, பம்பு இல்லை, பிரஷர் இல்லை, செத்த உடம்பில் நாடி பார்த்தால் எல்லாம் கோளாறாகத்தான் தெரியும். அமுக்கு, அமுக்கு என்று ஒரு மாதமாய் அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். வாசிக்கிற பழக்கம் எப்போது விட்டுப்போனது? அவர் ஷிப்டில் வேலை பார்க்கிற பால்துரைதான் அந்தப் பொத்தானுக்குப் பேர் வைத்தான், ம் பட்டன் என்று. கதை சொல்றவனுக்கு ம் கொட்டுற மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி, அவன் பாட்டுக்கு சொல்லுதான், நாம பாட்டுக்கு ம். அப்போது ஆவுடையப்பனும் சிரித்தார்தான். கதை சொல்கிறவனுக்குத் தெரியும், எந்த ம் தூக்கத்தில் வருகிற ம் என்று. சுவருக்குத் தெரியாது.

பெரிய ஃபேனை நிறுத்தியதிலிருந்தே உடம்பு சரியில்லை என்று தோன்றியது அவருக்கு. மாவாட்டி முடித்து கிரைண்டரை நிறுத்தினால் காதுக்குள் ஒரு வெறுமை வருமே, அது இப்போது பல்லில் இருந்தது. உலைக் கட்டிடத்துக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ஃபேன் அது. சத்தமென்றுகூடச் சொல்லமுடியாது, தரை வழியாக ஒரு நடுக்கம் பாதத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அது போனதும் கடல் கேட்கிறது. இத்தனை வருஷம் கடலை ஒட்டி உட்கார்ந்திருந்தும் இந்த அறைக்குள் கடல் கேட்டதில்லை. இல்லை, கேட்கிறதா, தன் ரத்தம்தானா. ஃபேன் நின்றால் அந்தக் கட்டிடத்துக்குள் காற்று நிற்கும், விளக்கும் நின்றாகிவிட்டது, அங்கே இருந்த போனையும் அறுத்தாகிவிட்டது. சரி, உள்ளே யாருமில்லாத கட்டிடத்துக்குக் காற்று எதற்கு, விளக்கு எதற்கு. இன்னும் ஐம்பது வருஷம் அப்படியே கிடக்கவேண்டும், உள்ளே இருக்கிற கதிர்வீச்சு தானாகக் குறைந்து அடங்கும்வரை. பிறகு யாராவது வந்து உடைத்துக்கொள்வார்கள். அழைப்பிதழில் நெடுந்துயில் விழா என்று போட்டிருக்கிறது, எந்தப் புண்ணியவான் எழுதினானோ. கும்பகர்ணனைத் தூங்கவைக்க மாலை மரியாதையெல்லாம் உண்டா என்ன. வடக்கேயிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருக்கிறார்கள், சாமியானா போட்டிருக்கிறார்கள், எல்லாரும் கட்டிடத்துக்கு முன்னால் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கூட இருந்த ஆளும் ஓடிவிட்டார், போட்டோவுக்கு. சுவர் செத்துவிட்டாலும் சுவருக்கு முன்னால் ஒருத்தன் இருக்கவேண்டும் என்பது விதி, அந்த ஒருத்தன் ஆவுடையப்பன். போட்டோவில் இல்லாதது வருத்தமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். வருத்தம்தான்.

ஹாரன் தனியாக வந்ததா, இல்லை தனியாக வந்ததுபோல் தோன்றுகிறதா? ஃபேன் நிறுத்தியபோது வரவேண்டியவை வந்தன, அவற்றை வாசித்தார், கண்ணால் பார்த்து வாய்விட்டே வாசித்தார். அப்புறம் பிளாஸ்க். பிளாஸ்க்கின் தக்கை இறுகியிருந்தது, வீட்டுக்காரி உலகம்மாள் எப்போதுமே இறுக்கித்தான் மூடுவாள். தக்கையைத் திருகினார், ஊற்றினார், அப்போது ஹாரன். காற்று குறைந்தால் அழுத்தம் மாறும், ஏதாவது ஒரு மீட்டர் தாமதமாகக் கூவியிருக்கும், தாமதமாகக் கூவுகிற மீட்டர்கள் அங்கே நிறைய உண்டு, ஒன்றுக்கு அவரே கிழவி என்று பேர் வைத்திருக்கிறார். கிழவியாகத்தான் இருக்கும். ஆமாம். இப்போது போய் ஏர்லாக் கட்டத்தைப் பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது, ஏர்லாக் என்று ஏன் வந்தது, அத்தனை கட்டத்தில் அது ஏன் முதலில் வரவேண்டும்? உலைக் கட்டிடத்துக்குள் போக வர இருக்கிற ஒரே வழி அந்த ஏர்லாக், முன்னும் பின்னும் இரண்டு இரும்புக் கதவு, நடுவே ஒரு ஆள் உயரக் குகை. உட்கதவின் பக்கத்தில் அழைப்பு பட்டன் ஒன்று உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அதை அமுக்கினால் இங்கே கட்டம் மின்னும். போய்ப் பார்த்தார். எரிகிறது. எரியத்தானே செய்யும், கரண்டைப் பிடுங்கியதும் அத்தனையும் எரிந்துவிட்டதே, ஏர்லாக்கும் அதில் ஒன்று. ஏற்கெனவே எரிந்ததா, கரண்டு போய் எரிந்ததா என்று கட்டம் சொல்லாது. எல்லாவற்றையும் தாளில் அடித்துத் தள்ளுகிற பிரிண்டர் இருந்தது, அதையும் காலையிலேயே கழற்றித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்விட்டார்கள். வயர் மட்டும் எலிவால்போல் தொங்குகிறது.

போனை எடுத்தார். கீழே ஏர்லாக் வாசலில் பால்துரை.

"பால்துரை, உள்ள யாரும் இல்லல்லா?"

"என்ன அண்ணாச்சி, ஃபேன நிறுத்தும்போதே சொன்னேன்லா. கடைசி ரவுண்டு போயிட்டு வந்தாச்சு. போர்டு காலி."

"போர்ட நீ பாத்தியா?"

"என் மூஞ்சிக்கு நேராத்தான் தொங்குது. ஒரு ஆணியில ஒரு டோக்கன் கிடையாது. போல்ட்டு முறுக்கிக்கிட்டு இருக்கானுவ. பெரியவங்க வந்ததும் மேல தகட்ட வச்சு வெல்டிங். முடிஞ்சு சோறு பிரியாணியாம், தெரியுமா?"

"ம்" என்றார் ஆவுடையப்பன், போனை வைத்தார்.

போர்டு காலி. இதைவிட என்ன வேண்டும்? ஏர்லாக் வாசலில் ஆணி அடித்த பலகை, உள்ளே போகிறவன் தன் பேரோ நம்பரோ பொறித்த பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஒரு டோக்கன் தொங்கினாலும் கதவை மூட முடியாது, சீஃபே வந்து சொன்னாலும் முடியாது. ஒருதரம் பால்துரை டோக்கனை எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டான், அவனைத் தேடி உலைக் கட்டிடத்தையே புரட்டினார்கள், அவன் டவுனில் மச்சினன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். அப்படிப்பட்ட போர்டு. ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பைக்குள் விரல் போய் எதையோ தடவிக்கொண்டிருந்தது. காலையில் வரும்போது உலகம்மாள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், அடுப்படியிலிருந்து குரல் வந்தது, இவர் ம் என்றார், அது நிச்சயம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டுத் தென்காசிக்குப் போவதைப் பற்றியா, கேஸ் சிலிண்டரா, அவளுக்கு நெஞ்சு கரிக்கிறது என்றாளே அதுவா. நெஞ்சு கரிப்பென்று அவள் சொன்னது நேற்றா, இன்றா? திடீரென்று அது பெரிய விஷயமாகிவிட்டது. வாசிக்காமல் அமுக்குகிறவன் எங்கேயும்தான் அமுக்குவான், வீட்டில் ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி இருக்க அவன் என்ன நடிகனா. வெளி லைனில் வீட்டுக்குப் போட்டார்.

"காலையில நான் கிளம்பும்போது என்ன சொன்ன?"

"யாரு, நானா? எதுக்கு இப்ப?"

"சும்மா சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லலியே. ரேடியோல என்னமோ பேசிக்கிட்டு இருந்தான். நீங்களாத்தான் ம்முன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிக்கிட்டுப் போனிய." பிறகு, "ஏங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

"இல்ல. நெஞ்சு கரிப்பு எப்படி இருக்கு?"

"அது போன வாரமே போயிட்டு" என்றாள் உலகம்மாள், அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "இப்பதான் வந்து சேந்துதாக்கும்?"

பார்த்தாயா, ரேடியோவுக்கு ம் கொட்டியிருக்கிறார். அப்படியென்றால் இதுவும் அதுதான், ஒன்றுமில்லாததற்கு ஒரு ம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷம் வரவில்லை. ரேடியோ பேசியது நிஜம்தானே. ஹாரன் கத்தியதும் நிஜம்தானே. கண்ணை மூடினார், மூடினால் ஓரக்கண்ணில் பட்டது ஏதாவது திரும்பி வரும் என்று. காபி விழுகிற வளைவு வந்தது, ஆவி வந்தது, ஆவிக்கு அப்பால் மங்கலாக வெள்ளையாய் ஏதோ துடித்தது, வலப்பக்கமா? வலப்பக்கம் என்றால் கிழவி இல்லை, கிழவி இடப்பக்கம். வலப்பக்கம் கதவுகள், ஏர்லாக், கிரேன். இது நிஜமாகப் பார்த்ததா, பயந்து இப்போது செய்துகொள்கிறதா? பயம் நல்ல படம் வரையும். இதை நம்பிக் கதவைத் திற என்று சொன்னால் என்ன ஆகும்? முறுக்கிய போல்ட்டையெல்லாம் கழற்றணும், மாஸ்க் போட்டு ஆள் இறங்கணும், ஃபேனை மறுபடி ஓட்டணும், சாமியானாவுக்குக் கீழே அதிகாரிகள் வாட்சைப் பார்ப்பார்கள். எதுக்குத் திறக்கச் சொன்னீர் என்று கேட்பார்கள். வாசிக்காமல் அமுக்கிவிட்டேன் என்று சொல்லவேண்டும். முப்பது வருஷம், ஒரு மெமோ கிடையாது, ஆவுடையப்பன் ஷிப்ட் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பேர். கடைசி நாளில், பிரியாணிக்கு முன்னால், எல்லாரும் கேட்க. நாளைக்கு டவுனில் டீக்கடையில் இதுதான் பேச்சாக இருக்கும். வேண்டாம். போர்டு காலி. ஆயிரம் தரம் பார்த்த போர்டு.

சொல்லிக்கொடுத்ததும் இவர்தானே. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வகுப்பு எடுப்பார், தரை துடைக்கிறவர்கள், சாமான் சுமக்கிறவர்கள், பாதிப்பேர் பக்கத்துக் குப்பத்து ஜனங்கள். அதில் சேசம்மாள் மட்டும்தான் கேள்வி கேட்பாள், உலைக் கட்டிடத்தைத் துடைத்துத் துடைத்தே முட்டி தேய்ந்தவள். பட்டன அமுக்குனா நீங்க கேட்டியளா கேக்கலியான்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். பட்டனுக்குள்ளேயே குட்டி விளக்கு இருக்கு, நீ அமுக்கினா அது மின்னும், நாங்க மேல பாத்துட்டு அமுக்கினா அது நின்னு எரியும், நின்னு எரிஞ்சா நாங்க பாத்துக்கிட்டோம்னு அர்த்தம், கதவைப் போட்டு இடிக்காத, மூச்சைச் செலவழிக்காத, உக்காந்துரு, ஆள் வரும். அப்படிச் சொல்லும்போது அவருக்கே பெருமையாக இருந்தது. இன்று காலைகூடப் பார்த்தார் அவளை. வராந்தாவில் வாளியும் துடைப்பமுமாக எதிரே வந்தாள். உள்ள ஒரு பொருள் கெடக்கக்கூடாதுன்னு சூப்பர்வைசர் கத்துதாரு சார் என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். டோக்கனைப் பற்றி. இவர் ம் என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார், கையில் தன் டோக்கனைப் பார்த்துக்கொண்டே. உங்களுக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்புட்டுத் தந்துட்டாவ, எங்க நம்பர் டோக்கன மட்டும் சாக்குல போட்டு வாங்கிட்டாவ சார் என்றாள்.

விரல் பைக்குள்ளேயே நின்றது. ஆவுடையப்பன் அதை வெளியே எடுத்தார். புளி போட்டுத் தேய்த்து மினுக்கிய பித்தளை, அவர் பேர், நிலையத்தின் முத்திரை, ஓரத்தில் ஆணியில் மாட்டுகிற ஓட்டை. காலையில் மேடையில் ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நினைவுப் பரிசாகக் கையில் கொடுத்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். பால்துரை முத்தம்கூடக் கொடுத்தான் அவனுடையதற்கு. அவனுடையது அவன் பையில் இருக்கிறது. இவருடையது இவர் பையில். காண்ட்ராக்ட் ஆட்களுடையது சாக்கில். போர்டு காலியாகத்தான் இருக்கும், ஊரே உள்ளே போய் உட்கார்ந்திருந்தாலும் காலியாகத்தான் இருக்கும். காலையிலிருந்தே காலிதான் அது. இத்தனை பேர் அந்தக் காலிப் பலகையைப் பார்த்துப் பார்த்து உள்ளே யாருமில்லை என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதில் இவரும் ஒருத்தர். கடைசி ரவுண்டு முடிந்து குரூப் போட்டோவுக்கு எல்லாரும் வெளியே ஓடியபோது காண்ட்ராக்ட் ஆட்களை யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் ஒருத்தி விட்டுப்போன வாளியை எடுக்க உள்ளே போனால், மாட்ட அவளுக்கு டோக்கனும் இல்லை, பார்க்க வாசலில் ஆளும் இல்லை.  ஆவுடையப்பன் போனை எடுத்தார்.

"பால்துரை, வெல்டிங்க நிறுத்து."

"அண்ணாச்சி, பெரியவங்கல்லாம் வந்து நிக்காவ. ராடு பத்தவைக்கப் போறான்."

"நிறுத்துன்னேன். கதவத் திற. ரெண்டு கதவையும்."

"நான் என்னன்னு சொல்லட்டும் இவங்ககிட்ட? போர்டு காலின்னு நான்தான சொன்னேன்."

"உன் டோக்கன் எங்க இருக்கு?"

"பையில..." என்றான் பால்துரை.  போனில் அவனுக்குப் பின்னால் யாரோ இங்கிலீஷில் என்ன தாமதம் என்று கேட்கிற குரல்.

"ஏர்லாக் அலாரம் வந்திருக்கு" என்றார் ஆவுடையப்பன். வந்திருக்கலாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தார், வாய் அப்படிச் சொல்லவில்லை. "நான் பாக்காம ம் கொட்டிட்டேன். அப்படியே சொல்லு அவங்ககிட்ட. என் பேரச் சொல்லு."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டார். ஸ்பேனர் இரும்பில் பட்டுத் தெறிக்கிற சத்தம், பால்துரை யாரையோ கெட்ட வார்த்தையில் விரட்டுகிற சத்தம், அவன் அதிகாரிகள் முன்னால் அப்படிப் பேசுகிறவன் இல்லை. முறுக்கின போல்ட்டுகள் ஒவ்வொன்றாய் அவிழ்கின்றன. யாரும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டார், டவுன் முழுக்கச் சிரிக்கட்டும், பிரியாணியில் உப்புக்கு பதில் என்னைப் போட்டுக்கொள்ளட்டும், யாரும் இருக்கக்கூடாது. பிறகு, இருந்தால் உயிரோடு இருக்கவேண்டும் என்று மாற்றிக்கொண்டார். காற்று ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடாது, அவ்வளவு பெரிய கட்டிடம், கணக்குப்படி தீராது. இருட்டில் ஒரு பொம்பளை படுகிற பாட்டுக்குக் கணக்கு என்ன சொல்லும்? தரை முழுக்கக் குழிகள், கழற்றிய படிகள், மூடாத பள்ளங்கள். தகடு வைத்து வெல்டிங் பண்ணியிருந்தால் ஐம்பது வருஷம். சுவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை, திரும்பி உட்கார்ந்தார், அப்போதும் அதன் வெளிச்சம் மேஜைமேல் கிடந்தது. வெளிக்கதவு திறக்கிற முனகல் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ரத்தம்தான் கேட்டது, கடல் இல்லை.

"அண்ணாச்சி." பால்துரைதான். "ஆள் இருக்கு. நல்லாத்தான் இருக்கு. நம்ம சேசம்மா. உட்கதவுல சாஞ்சு உக்காந்திருக்கா, மடியில வாளிய வச்சுக்கிட்டு."

ஆவுடையப்பன் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதார். போனை மாற்றிக் கொடுக்கிற சரசரப்பு கேட்டது.

"சார், நாந்தான்" என்றாள் சேசம்மாள். மூச்சு வாங்கினாலும் குரல் தெளிவாக இருந்தது. "எதுக்கு எல்லாரும் இந்தப் பாடு படுதாவ? எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சுட்டேன். கதவு மூடுனதும் மொதல்ல கையும் ஓடல காலும் ஓடல. அப்புறம் பட்டன அமுக்குனேன், மின்னிச்சு. ஒடனே நின்னு எரிஞ்சுது சார். பட்டன்ல இருந்து கைய எடுக்கல, நின்னு எரிஞ்சுது. நீங்க பாத்துட்டியன்னு தெரிஞ்சுபோச்சு. கொஞ்ச நேரத்துல எல்லா வெளக்கும் அணைஞ்சுது, இதுவும் அணைஞ்சுது, ஆனாலும் நான் கதவ இடிக்கல, சத்தம் போடல. நீங்க சொல்லித் தந்தபடி பேசாம உக்காந்துட்டேன். அதான் சார் பாத்துட்டாவளே, வந்துருவாவன்னு."

எரிகிற சுவருக்கு முதுகைக் காட்டியபடி அவர் உட்கார்ந்திருந்தார். தொண்டை வரை பழகின ம் ஒன்று வந்தது, அதை விழுங்கினார்.

"சார், கேக்கியளா?"

"இப்பதான் கேக்கேன்" என்றார்.